கோரம் காணாது

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் 41 பேர் உட்கார்ந்திருந்தோம். பத்து மணிக்குத் தொடங்கவேண்டிய எங்கள் ஊர்ச் சங்கப் பொதுக்கூட்டம் பதினொன்றாகியும் தொடங்கவில்லை. பட்டீஸ் பெட்டியை இப்போதே திறக்கலாமா கூடாதா என்று பின்வரிசையில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் மேசைக்கு மேலால் குனிந்து என்னிடம் கேட்டார்.

"தம்பி, கோரம் காணுமோ?"

கையெழுத்துப் புத்தகத்தை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. "காணாது அண்ணை."

கூட்டம் செல்லுபடியாக வந்திருக்கவேண்டிய ஆகக்குறைந்த ஆட்தொகைக்கு நிறைவெண் என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதாம். எங்கள் சங்கத்தில் அதை யாரும் சொல்வதில்லை. ஏழு வருடமாக ஒரே செயற்குழுவே கதிரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலைமைக்குக் கோரம் என்ற சொல்தான் பொருத்தமாக இருக்கிறது. பதவி ஆசை ஒருவருக்கும் இல்லை. எனக்குச் செயலாளர் வேலையை யாராவது வாங்கிக்கொண்டால் பிள்ளையாருக்கு நூறு தேங்காய் உடைப்பேன். ஆனால் புதுக்குழுவைத் தெரிவு செய்யப் பொதுக்கூட்டம் வேண்டும், பொதுக்கூட்டத்துக்கு உறுப்பினரில் மூன்றிலொரு பங்கினர் வேண்டும். வடமராட்சியில் உள்ள எங்கள் ஊரின் பெயரால் கொழும்பில் நடக்கும் இந்தக் கிளைக்கு, இடாப்பின்படி 384 உறுப்பினர்கள். மூன்றிலொன்று 128. நான் செயலாளராக இருக்கும் காலத்தில் 60 பேருக்கு மேல் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.

சரி, இடாப்பைத் திருத்தி எண்ணிக்கையைக் குறைப்போம் என்றால், பெயர் நீக்குவதற்குப் பொதுக்கூட்டத்தின் அனுமதி வேண்டும் என்கிறது சங்க விதிகள் அடங்கிய யாப்பு. பொதுக்கூட்டத்துக்குக் கோரம் வேண்டும். நீக்கப்படவேண்டியவர்கள் வந்து கையை உயர்த்தினால்தான் அவர்களை நீக்கலாம்.

அன்று பட்டீஸைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். மிச்சம் நிறைய இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்றிரவு இடாப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடாப்பு என்றால் பெரிய சங்கதி இல்லை, 1994இல் தொடங்கிய ஒரு சீ.ஆர். கொப்பி. முதுகு பிரிந்து இரண்டு தடவை பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. எனக்கு முன்னிருந்த மூன்று செயலாளர்களின் கையெழுத்து, பிறகு என்னுடையது. முதல் ஐம்பது அறுபது பக்கங்களில் ஒரு விசித்திரம். முகவரி என்ற நிரலில் வீட்டு இலக்கத்துக்குப் பதிலாக லொட்ஜுகளின் பெயர்கள். கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு, வெள்ளவத்தை. ஒரே லொட்ஜில் பதினாறு உறுப்பினர்கள். எல்லோருக்கும் இருபது வயதுக்கும் முப்பதுக்கும் இடையில்.

அவர்கள் யார் என்று அந்தக் காலத்தில் இங்கிருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் வெளிநாடு போக, ஏஜென்சிக்காரன் சொன்ன திகதிக்காகக் காத்திருந்த பெடியள். பொலிஸ் பதிவுக்கு, பிடித்துக்கொண்டு போனால் போய் நின்று கதைக்க, வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்ப, கொழும்பில் ஊர்ச் சங்கம்தான் ஒரே துணை. நூறு ரூபாய் கட்டிச் சேர்ந்தார்கள். மூன்று மாதமோ மூன்று வருடமோ கழித்துப் பறந்தார்கள். பறக்கும்போது சங்கத்திலிருந்து விலகுகிறேன் என்று கடிதம் எழுதிவிட்டா போவார்கள்? இன்று அவர்களில் பலருக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகள். எங்கள் கொப்பியில் இன்னமும் அதே லொட்ஜ், அறை இலக்கம் 7.

அடுத்து, ஒரே ஆள் இரண்டு தடவை. இதைக் கண்டுபிடித்தது எனக்குக் கொஞ்சம் பெருமை, அதனால் விரிவாகச் சொல்கிறேன். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்களும் கடைசியில் ஒரு எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் பிறந்தவர் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 2016இலிருந்து வரும் புதிய அட்டையில் பன்னிரண்டு எண்கள், எழுத்துக் கிடையாது. பழைய இலக்கத்தின் முன்னால் 19ஐப் போட்டு, அதன் ஐந்தாம் எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தைச் செருகி, வாலிலுள்ள எழுத்தை வெட்டிவிட்டால் புதிய இலக்கம் வந்துவிடும். எக்செலில் இந்தச் சூத்திரத்தை எழுதி ஓடவிட்டேன். 11 பேர் இரட்டைப் பிறவிகளாக வெளியே வந்தார்கள். ஒரு தடவை லொட்ஜிலிருந்து, ஒரு தடவை தெஹிவளைத் தொடர்மாடியிலிருந்து.

அந்த வால் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வி என்றால் வாக்குரிமை உள்ளவர், எக்ஸ் என்றால் இல்லாதவர். அட்டையில் எக்ஸ் விழுந்தவர் சீட்டில் புள்ளடி போடமுடியாது. இதை யோசித்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இறந்தவர்கள் 52 பேர். இந்தக் கணக்கை எடுக்க ஒரு கிழமை பிடித்தது, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுக்கவேண்டும், எடுத்தால் அரை மணித்தியாலம் கதைக்கவேண்டும். ஒரு மகள் சொன்னா, "அண்ணை, அப்பான்ர பேரை எடுக்காதையுங்கோ. அவர் ஆயுட்கால உறுப்பினர்." ஆயுள் முடிந்தால் அதுவும் முடிந்ததுதானே பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்ப்பம் என்றேன்.

384இல் 11 போனால் 373, அதில் 52 போனால் 321. வெளிநாட்டில் 174 பேர். நாட்டுக்குள் மிஞ்சியது 147. அதிலும் பாதிப்பேர் கொழும்பை விட்டுப் போய்விட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் பின்னம் படிப்பிக்கும்போது மேலே இருப்பது தொகுதியெண், கீழே இருப்பது பகுதியெண் என்று சொல்லித் தந்தார்கள். தேர்தல் என்றால் நாங்கள் எல்லோரும் மேலே இருப்பதைத்தான் பார்க்கிறோம், எத்தனை பேர் வந்தார்கள் என்று. கீழே இருப்பதை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று கேட்பதில்லை. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு இந்த நாட்டில் பதிவாகியிருந்த வாக்காளர் 17,140,354 பேர். வாக்களித்தவர்கள் 79.46 வீதம். இரண்டு மாதம் ஆகுமுன், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கும் அதே இடாப்பு, அதே 17,140,354. வாக்களித்தவர்கள் 68.93 வீதம். அந்தப் பத்துவீதச் சரிவைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. முதல் தேர்தலுக்கே வராத இருபது வீதத்தைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. அவர்களில் எத்தனை பேர் சலித்துப்போய் வீட்டில் இருந்தவர்கள், எத்தனை பேர் கட்டாரில் வேலைத்தளத்தில் நின்றவர்கள்? வெளிநாட்டிலிருந்தபடி வாக்களிக்க அப்போது வழியில்லை. விமானம் ஏறி வந்தால் உண்டு.

இடாப்பு வீங்கினால் கோரம் காணாது. இடாப்பு மெலிந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. செயற்குழுவில் நான் கணக்கைச் சொன்னதும் பொருளாளர் எழும்பினார். "தம்பி, நீர் சொல்லுறது சரி. ஆனா ஊரிலை தாய்ச் சங்கத்துக்கு ஐம்பது பேருக்கு ஒரு பிரதிநிதியெல்லோ? 384 எண்டு காட்டி ஏழு பேரை அனுப்புறம். நீர் வெட்டினால் ரெண்டு பேர்தான் போகலாம். பிறகு எங்கடை பேச்சு அங்கை எடுபடுமோ?"

கேட்டவுடன் எனக்கு யாழ்ப்பாண மாவட்டம்தான் நினைவுக்கு வந்தது. பாராளுமன்ற ஆசனங்களை மாவட்டங்களுக்குப் பிரிப்பது பதிவான வாக்காளர் தொகையை வைத்துத்தான். போர்க்காலத்தில் வடக்கில் வீடு வீடாகப் போய் இடாப்பைத் திருத்த முடியாத ஆண்டுகள் பல. பெயர்கள் அப்படியே கிடந்தன, ஆசனங்களும் கிடந்தன. 2010 தேர்தலில் யாழ்ப்பாணத்துக்கு 9 ஆசனங்கள். 2015இல் 7. 2024இல் 6. போனவர்கள் போனது எப்போதோ. அவர்கள் போனது கணக்கில் ஏறியது பிறகு. பொருளாளர் பேராசையில் பேசவில்லை, இந்தப் படிக்கட்டைக் கண்டவர் பேசுகிற பேச்சு அது. கொழும்புக்குங்கூட 2024இல் ஒன்று குறைந்தது, 19 இருந்தது 18 ஆனது.

ஆனாலும் நான் விடவில்லை. செத்தவரைக் காட்டிப் பிரதிநிதி அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

வட்ஸ்அப் குறூப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். இப்போது சங்கம் என்று நடப்பது உண்மையில் அதில்தான். 2020 பங்குனியில் ஊரடங்கு போட்டபோது தொடங்கினோம். சீ.ஆர். கொப்பியில் கிடந்த தொலைபேசி இலக்கங்களையெல்லாம் நான் இருந்த இருப்பில் ஏற்றினேன். 256 பேரோடு நிரம்பிவிட்டது, அந்த நாளில் அவ்வளவுதான் இடம். புதிதாக ஒருவரைச் சேர்க்க ஒருவரை இறக்கவேண்டும். ஒன்றும் எழுதாதவர்களாகப் பார்த்து இறக்கினேன். இறக்கப்பட்டவர்களில் ஒரு ரீச்சர். அடுத்த நாள் காலையில் போன் வந்தது. "நான் என்ன பிழை விட்டனான் தம்பி?" ஒரு பிழையும் இல்லை ரீச்சர், இடமில்லை என்றேன். "அப்ப கத்துறவைக்குத்தான் இடமோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டா. பிறகு 512 ஆக்கி, 1024 ஆக்கினார்கள். ரீச்சரைத் திரும்பச் சேர்த்தேன். இன்றுவரை அவ ஒரு சொல் எழுதவில்லை, பேசாமல் வாசிக்கிறா.

இன்னொரு சம்பவம். வருடாந்த மதிய போசனத்தை எந்த நாளில் வைப்பது என்று குறூப்பில் வாக்கெடுப்பு விட்டோம். இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழும்பிப் பார்த்தால் கொழும்பு பல்லுத் தீட்டுமுன் ரொறன்ரோ வாக்களித்து முடித்திருந்தது. சோறு சாப்பிட வராதவர்கள் 60 பேர் சேர்ந்து, சாப்பிட வரவேண்டிய எங்களுக்கு, அலுவலகம் உள்ள ஒரு திங்கட்கிழமையைத் தெரிவு செய்திருந்தார்கள். கனடாவில் அன்று நீண்ட வார இறுதியாம். அவர்களைக் குறைசொல்ல முடியாது, ஆசையாகத்தான் அழுத்தியிருப்பார்கள். அந்த மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரைக்குப் பாதிக் காசை அனுப்பியதும் அவர்கள்தான். குறூப்பில் இருப்பதும் வாக்கு வைத்திருப்பதும் ஒன்றாகக் கிடந்தால் வரும் வில்லங்கம் இது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பெயர் வெட்டுவதில் எனக்கு ஒரு தயக்கம் எப்போதும் உண்டு. அதற்குக் காரணம் 2001. அப்போது வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். மார்கழியில் பாராளுமன்றத் தேர்தல். எல்லோரும் வாக்காளர் அட்டை வந்ததா என்று கேட்க, எனக்கு வரவில்லை. கிராம அலுவலரிடம் போனேன். எங்கள் ஆட்கள் இங்கேயும் அவரை விதானையார் என்றுதான் சொல்வார்கள். அவர் கோப்பை விரித்து, தேருநர் இடாப்புக்காக, அதாவது வாக்காளர் பட்டியலுக்காக, வீட்டில் இருப்பவர்களை எழுதிக் கொடுக்கும் பி.சி. படிவத்தைக் காட்டினார். வீட்டுக்காரர், மனைவி, மகன். மாடியில் வாடகைக்கு இருந்த நாங்கள் நாலு பேரும் அதில் பிறக்கவே இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எழுதினால் பிறகு வீட்டை விட்டு எழும்பமாட்டீங்கள் எண்டு சொல்லுறாங்கள்" என்றார். ஆனால் பொலிஸ் பதிவுப் படிவத்தில் எங்கள் நாலு பேரின் பெயரையும் அழகான கையெழுத்தில் தானே நிரப்பிக் கொடுத்திருந்தவர் அவர்தான். கொழும்பில் வாடகைக்கு இருக்கும் பலருக்கு இந்தக் கதை இப்போதும் புதிதில்லை. பிள்ளைக்கு முதலாம் வகுப்பு அனுமதி என்று வரும்போதுதான், இத்தனை வருடத்துத் தேருநர் இடாப்புப் பிரதி வேண்டும் என்று ஓடித்திரிவார்கள். வாக்குக்காக யாரும் அப்படி ஓடி நான் பார்க்கவில்லை.

என் பெயர் விடுபட்டது வீட்டுக்காரரின் பயத்தால். ஒரு சட்டத்தால் விடுபட்டவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கும் நண்பர் ஹட்டன் பக்கம். அவருடைய தாத்தா 1947இல் வரிசையில் நின்று வாக்களித்தவர். அடுத்த வருடம் மலையகத் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்த சட்டம், அதற்கடுத்த வருடம் அவர்களின் வாக்கையும் பறித்த தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தல் வந்தபோது அதே மனிதர், அதே லயம், அதே மலை, பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. "அவரு எங்கயும் போகலீங்க, பட்டியல்தான் போயிருச்சு" என்று நண்பர் ஒருநாள் லிஃப்டில் சொன்னார். அதைக் கேட்டபிறகு எக்செலில் ஒரு வரியை அழிக்கும்போதும் எனக்குக் கை கொஞ்சம் நிற்கும்.

ஆகவே அரசாங்கம் செய்கிற முறையையே கடன் வாங்கினோம். இடாப்பைத் திருத்தும்போது பெயர் நீக்கப் போகிறவர்களை ஒரு பட்டியலிலும் புதிதாகச் சேர்க்கப் போகிறவர்களை இன்னொன்றிலும் போட்டு, அ, ஆ என்று பெயரிட்டு, முன்கூட்டியே பார்வைக்கு வைப்பார்கள். ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம். நானும் ஒரு அ பட்டியல் தயாரித்துக் குறூப்பில் போட்டேன், கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டினேன், முகவரி சரியாக உள்ளவர்களுக்குக் கடிதமும் அனுப்பினேன். முப்பது நாள் தவணை. நீக்கப்படுவது வாக்குரிமை மட்டும், குறூப்பிலிருந்து யாரும் இறக்கப்படமாட்டார்கள் என்று தடித்த எழுத்தில் எழுதியும், அதை யாரும் வாசிக்கவில்லை. முதல் மூன்று நாளும் போனை வைக்க முடியவில்லை. லண்டனிலிருந்து ஒருவர் நாற்பது நிமிடம் கத்தினார். கடைசியில் "சரி, உம்மடை அம்மா எப்படி இருக்கிறா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

இந்தக் களேபரத்துக்குள்தான் தலைவரின் மருமகள் யாப்பை ஒரு தடவை பார்க்கக் கேட்டா. சட்டத்தரணி, போன வருடம்தான் சத்தியப்பிரமாணம் எடுத்தவ. தட்டச்சுப் பொறியில் அடித்த பதினொரு பக்கத்தையும் படித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தா.

"மாமா, கோரத்துக்கு உறுப்பினரில் மூன்றிலொண்டு எண்டு இதிலை இல்லையே. வாக்களிக்கத் தகுதியுள்ள உறுப்பினரில் எண்டெல்லோ இருக்கு. கீழை பாருங்கோ, ஒரு வருசத்துக்கு மேலை சந்தா கட்டாதவைக்குத் தகுதி இல்லை."

முப்பது வருடமாக அந்த வரி அங்கேதான் இருந்திருக்கிறது. எங்களுக்கு முன்னிருந்தவர் 384ஐ மூன்றால் பிரித்தார் என்று நாங்களும் பிரித்துக்கொண்டிருந்தோம். சந்தாப் புத்தகத்தை எடுத்து எண்ணினேன். உயிரோடு இருக்கும் ஆயுட்கால உறுப்பினர் 38 பேர், சந்தா கட்டி முடித்தவர்கள் 25 பேர். மொத்தம் 63. அதில் மூன்றிலொன்று 21.

மாசியில் வந்திருந்தது 41 பேர். அடக் கடவுளே, அன்றைக்கே கூட்டத்தை நடத்தியிருக்கலாமே என்று அந்தக் கையெழுத்துப் புத்தகத்தை மறுபடி எடுத்துச் சந்தாப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். வந்திருந்த 41 பேரில் தகுதியுள்ளவர்கள் 17. நாலு பேர் குறைவு. தகுதியில்லாத 24 பேரில் உபதலைவரும் இருந்தார். செயலாளரும் இருந்தார். செயலாளர் இரண்டு வருடமாகச் சந்தா கட்டவில்லை. ஒரு கூட்டத்தில் தேநீர்க் காசை நான் கையிலிருந்து போட்டேன், அதில் கழியும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதை எங்கேயும் எழுதவில்லை.

அ பட்டியலில் கடைசியாக ஒரு தொலைபேசி இலக்கம் மிச்சம் இருந்தது. கொப்பியில் கோண்டாவில் மாமா என்று நாங்கள் கூப்பிடும் ஒருவரின் பெயருக்கு நேரே இருந்த இலக்கம். அவர் இறந்தது 2017இல். ஆனால் குறூப்பில் அந்த இலக்கம் இருந்தது, போடுகிற எல்லாவற்றுக்கும் நீலச் சரி விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் எடுத்தேன். சிங்களத்தில் ஒரு குரல். கடவத்தைப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறாராம். 2018இல் கடையில் வாங்கிய சிம்மாம். 2020இலிருந்து எங்கள் குறூப்பில் இருக்கிறார். மன்னிப்புக் கேட்டு, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் ஐயா, இருக்கட்டும். இது மரணாதாரச் சங்கம்தானே? படத்தோடு செத்த வீட்டுச் செய்தி வருகிறது, பார்க்கிறேன். எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் இவ்வளவு காலமும் சந்தா ஒன்றும் கட்டவில்லையே, எவ்வளவு?" என்று கேட்டார்.

வருடத்துக்கு 500 ரூபாய், ஆனால் நீங்கள் கட்டத் தேவையில்லை என்று சொல்லி வைத்தேன்.

அன்று பின்னேரம் பொருளாளரின் வீட்டுக்கு நடந்து போனேன். அவர் வாசலில் கதிரை போட்டுப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். ஆயிரம் ரூபாயை நீட்டினேன். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, கார்பன் தாளைச் சரிபார்த்து, என் பெயரை எழுதத் தொடங்கினார். முதலெழுத்து என்ன என்று கேட்டார். ஏழு வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தவர். சொன்னேன்.